டாக்டரம்மா வீட்டுக்காரர் நம்பர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் அந்தத் தெருவில் ஆள் இல்லை. பேப்பர் போடுகிறவர், எதிர்த்த மருந்துக் கடைக்காரர், மூலை டீக்கடை என்று எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் அது கொஞ்சம் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, யாராவது கிண்டலாகச் சொன்னால்கூட, "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு அதில் ஒரு மிதப்பும் வந்து சேர்ந்தது.

வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் மனைவியை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பக்கம் வந்துவிட்டால் "ஏம்மா". கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கிளினிக் கவுண்டரில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து இதை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, முந்திக்கொண்டு நுழைகிறவர்களை அதட்டுவது, அழுகிற குழந்தைக்கு ரப்பர் ஸ்டாம்பை விளையாடக் கொடுப்பது எல்லாம் அவர் பாடு. நோயைத் தவிர மற்றதெல்லாம் அவர் கையில் இருந்தது.

கிளினிக் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்ததிலிருந்து அவருக்கு உட்கார இடமில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. அவருடைய மர நாற்காலியை எடுத்து வராந்தாவில் போட்டுவிட்டு, அங்கே சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஆஸ்பத்திரிச் சீருடை போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர். சுவரெல்லாம் வெளிர் நீலம். வாசலில் இருந்த பழைய போர்டைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரியின் பெயரைப் பெரிதாகவும் கீழே டாக்டரம்மாவின் பெயரைச் சின்னதாகவும் போட்டு ஒன்றை மாட்டினார்கள். பச்சைத் திரை மட்டும் அப்படியே இருந்தது. அது வீட்டுச் சொத்து என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா ஆசைப்பட்டு எடுத்த முடிவு அது. அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. காய்ச்சல் வந்தாலும் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவசரமாக யாரையாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அங்கே யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு விவரமும் திரும்பி வராது.

"நான் படுத்துட்டா இந்த ஜனங்களை யாருங்க பாக்குறது? நீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கில்லம்மா. நாமளே நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்கிற மாதிரி ஆயிடும்."

"நீங்க வேணா வராந்தாவுல ராஜா மாதிரி உட்காந்து பேப்பர் படிங்க. போதும், இத்தனை வருஷம் உழைச்சது."

அவருக்கு ராஜாவாக இருக்கத் தெரியவில்லை. வராந்தாவில் உட்காருவார். பேப்பரை விரிப்பார். உள்ளே அந்தப் பெண் யாரையோ "டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க" என்று கேட்பது காதில் விழும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் எட்டிப் பார்ப்பார். "பிறந்த தேதியெல்லாம் அவருக்குத் தெரியாதும்மா, அறுபத்தஞ்சுன்னு போடு." மறுபடி வந்து உட்காருவார். ஐந்து நிமிஷம் தாங்காது. கால் இருப்புக்கொள்ளாமல் தெரு முனை வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். டீக்கடைக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்: "என்ன சார், வீட்டுல தண்ணி கிடையாதா?"

அவருடைய சங்கடத்துக்கு நாற்காலி மட்டும் காரணமில்லை. நம்பர் விவகாரம் ஒன்று இருந்தது.

பழைய காலத்தில் ஃபைல் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள் அல்லவா? நிறையப் பேருக்குப் போன் இருக்காது. சிலருக்கு இருக்கும், அது மகன் கையில் இருக்கும். இஸ்திரி போடும் அக்கா போல சிலர், "என் நம்பரைப் போடாதீங்க சார், மருமக எடுத்துப் பாத்துடுவா" என்று கெஞ்சுவார்கள். இவர் யோசிக்கவே மாட்டார். தன் நம்பரைப் போட்டுவிடுவார். லாபிலிருந்து தகவல் அவருக்கு வரும். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஆளைத் தேடிப் போய், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவார். இன்னார் விஷயத்தை இன்னொரு வீட்டில் உளறினார் என்ற பேச்சே கிடையாது. நாளடைவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள், இவரும் ஆட்டுவார். ஏதாவது இருந்தால் டாக்டரம்மா வீட்டுக்காரர் வருவார். வரவில்லையென்றால் ஒன்றுமில்லை. அந்த வட்டாரத்துக்கே அது தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரி தன் கம்ப்யூட்டரில் இந்த ஃபைல்களை எல்லாம் ஏற்றியது. ஒரே நம்பர் இருந்தால் ஒரே குடும்பம் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கு. கவுண்டர் பெண் ஒரு நாள் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"சார், இங்க வந்து பாருங்களேன். நீங்கதான் குடும்பத் தலைவர். உங்களுக்குக் கீழ எத்தனை பேருன்னு பாருங்க!"

பார்த்தார். உருட்ட உருட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இஸ்திரி அக்கா, டீக்கடைக்காரரின் மாமியார், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், ரெண்டு கர்ப்பிணிகள், ஒரு கைக்குழந்தை.

"இதுல மனைவின்னு யாரைப் போடணும் சார்?" என்று அந்தப் பெண் அப்பாவியாகக் கேட்டாள்.

அறைக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இத்தனை சம்சாரத்தை எங்கிட்ட மறைச்சிட்டீங்களே!" என்றாள். காத்திருந்த நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். கவுண்டர் பெண் மனைவி என்ற கட்டத்தில் டாக்டரம்மாவின் பெயரையும் நம்பரையும் தட்டிவிட்டாள். இவரும் சிரித்துத்தான் வைத்தார். உள்ளுக்குள் சுருக்கென்றது. அவ்வளவு பேரின் ரகசியத்தைக் காப்பாற்றிய வேலை கடைசியில் ஒரு கேலிக்கு ஆயிற்றே என்று இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா சொன்னாள்: "விளையாட்டில்லை, இதைச் சரிபண்ணணும். இந்தப் பொண்ணுகூட உட்காந்து ஒவ்வொருத்தரா பாத்து, வேற நம்பர் இருக்கிறவங்களுக்கு மாத்தி விடுங்க. இல்லாதவங்களுக்கு என்ன செய்றதுன்னு யோசிப்போம்."

"எனக்கென்ன தலையெழுத்தா? அவங்க கம்ப்யூட்டர், அவங்களே மாத்திக்கட்டும். நான்தான் வராந்தா ராஜாவாச்சே."

"சரி, கோவம் போனப்புறம் செய்யுங்க" என்று அவள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

கோபம் போகவில்லை. அதற்குள் செய்திகள் வர ஆரம்பித்தன. காலையில் கண் விழித்தால் போன் கிர்ரென்று அதிரும். 'அன்பான குடும்பத் தலைவரே, உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் இது.' பல் தேய்க்கும்போது இன்னொன்று: 'வாழ்த்துகள்! உங்கள் பிரசவ நாள் நெருங்குகிறது.' அவருக்கு வயது அறுபத்திரண்டு. சாப்பிடும்போது போன், குளிக்கும்போது போன். இனிமையான குரலில் ஒரு பெண், உடம்பு முழுக்கச் சோதனை செய்துகொள்ளச் சொல்லி வற்புறுத்துவாள். ஒரு நாள் பகல் தூக்கத்தைக் கெடுத்து, "சார், உங்க கர்ப்பப்பை ஸ்கேனுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நம்பர்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து பிளாக் செய்தார். வீட்டில் ஒரு அமைதி வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினார்.

அந்த வாழ்த்துகளுக்கும் விளம்பரங்களுக்கும் நடுவில் யார் யாருடையவோ ரத்தமும் சிறுநீரும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவசரமான முடிவு ஏதாவது வந்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த ஒரு நம்பரை விட்டால் வேறு நாதி கிடையாது. நாளைக்குத் திறந்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் அந்தப் பெண்ணின் சக்கரம் வைத்த நாற்காலியைப் பார்த்ததும் வீம்பு வந்துவிட்டது. அவங்களே கஷ்டப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

டாக்டரம்மா முதல் முதலாக லீவு போட்ட நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி அவளுக்குப் பதிலாக ஒரு சின்ன டாக்டரை அனுப்பியது. துறுதுறுவென்று இருந்த பெண், நல்ல மாதிரி. டாக்டரம்மா காலை நீட்டிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்து, "இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கா!" என்றாள். இவர் திரைக்குப் பக்கத்திலேயே உலாத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பூட்டுக்காரரின் குரல் கேட்டது.

பூட்டுக்காரருக்குக் காது ஏறக்குறையப் போய்விட்டது, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். தன் காதுக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி போட்டுச் சாவி அடித்துக் கொடுப்பார். சொந்தமாகப் பூட்டும் செய்வார். குடியிருப்பது அங்கேயே அச்சாபீஸ் மாடியில். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, போனும் இல்லை.

"காலு ரெண்டும் துணி மாதிரி துவளுதும்மா! படி ஏற முடியல!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். "மாத்திரையா? அதெல்லாம் தவறாம போடுறேன்! பிரஷர் மாத்திரை, டாக்டரம்மா குடுத்தது!"

"ரத்தம் பாத்துடலாம் ஐயா" என்று சின்ன டாக்டர் பதிலுக்குக் கத்தினாள்.

இவர் திரையை விலக்கப் போனார். "உட்காருங்க" என்றாள் டாக்டரம்மா. "ஒரு நாளாவது விடுங்க. அந்தப் பொண்ணு பாத்துக்கும்."

விட்டார். ஆனால் பூட்டுக்காரர் வெளியே போகும்போது வராந்தாவுக்கு ஓடி வந்து நின்றார். பூட்டுக்காரர் பஞ்சு ஒட்டிய முழங்கையைக் காட்டிவிட்டு, கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினார். இவர் தன் நெஞ்சைத் தொட்டு, பஸ் ஸ்டாண்டுத் திசையைக் காட்டினார். வந்து சொல்கிறேன் என்று அர்த்தம். பூட்டுக்காரர் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் பக்கத்துத் தெரு லாபில் கொடுத்தால் முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதே நினைப்பில் இவர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் போன அன்றைக்கே முடிவு வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை. திரை படாரென்று விலகியது. டாக்டரம்மா, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, முழங்கால் வலியையும் மறந்து ஓடிவந்தாள். எச்சில் கையென்றும் பார்க்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் முதல் தடவையாக.

"பேசாதீங்க. மூச்சு வாங்குதா? நெஞ்சு படபடன்னு இருக்கா? எப்பங்க ரத்தம் குடுத்தீங்க? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் எங்க ரத்தம் குடுத்தேன்?"

"மறைக்காதீங்க!" அவள் குரல் உடைந்தது. "லாபுல இருந்து இப்பத்தான் கூப்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கு, நேத்து சாயங்காலத்துல இருந்து போன் பண்றோம் எடுக்கல, ரெக்கார்டுல நீங்க மனைவின்னு இருக்குது, அதான் உங்களைக் கூப்பிட்டோம்னு சொல்றாங்க. அது எந்த நேரமும் இதயத்தை நிறுத்திடுங்க! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் இனித்தது. அடுத்த கணம் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. அவருடைய நம்பர். அவருடைய ரத்தம் இல்லை. நேற்று ரத்தம் கொடுத்த யாரோ.

"ஏம்மா, அது நானில்லை. போனைக் குடு. பேரு என்னன்னு கேளு."

அவள் மறுபடி கூப்பிட்டுக் கேட்டாள். லாப்காரர் படித்த பெயர் பூட்டுக்காரருடையது.

"நேத்தே கூப்பிட்டாங்களாமே. ஏன் எடுக்கலை?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆஸ்பத்திரி நம்பரையெல்லாம் பிளாக் பண்ணிட்டேன்."

அவள் பையை எடுத்து ஊசியையும் மருந்தையும் போட்டுக்கொண்டு, கவுண்டர் பெண்ணிடம், "ஆம்புலன்ஸை பஸ் ஸ்டாண்டு பின்னாடி அச்சாபீஸ் மாடிக்கு வரச் சொல்லு, உடனே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஸ்கூட்டரில் போகும்போது அவள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"நான் ஒரு நாள் லீவு போட்டேன். ஒரே ஒரு நாள்."

"உன்மேல தப்பில்லம்மா."

"அந்த பிரஷர் மாத்திரை நான் எழுதினது. வயசானவங்களுக்குப் பொட்டாசியத்தை ஏத்தும்னு எனக்குத் தெரியும். நான் இருந்திருந்தா அந்தக் காலு துவளுதுங்கிற வார்த்தையிலயே பிடிச்சிருப்பேன். அந்தச் சின்னப் பொண்ணு ரத்தம் பாக்கணும்னு நினைச்சதே பெரிய விஷயம். அவ தன் வேலையைச் செஞ்சா, லாபு தன் வேலையைச் செஞ்சுது..."

பஸ்ஸுக்கு ஒதுங்கி, குழியில் இறங்கி ஏறி, அவர் ஓட்டினார். மனதில் கெட்ட கெட்ட படமாக ஓடியது. வெயில் மண்டையைப் பிளந்தது.

பெட்டிக்கடை மூடியிருந்தது. அச்சாபீஸின் பக்கவாட்டில் குறுகிய படிக்கட்டு. டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. மேலே கதவு பூட்டியிருந்தது, உள்பக்கமாக. பூட்டுக்காரர் வீட்டுக் கதவுக்குப் பூட்டுக்காரரே செய்த பூட்டு. தட்டினால் அவருக்குக் கேட்காது. அதற்காகவே வெளியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். அழுத்தினால் உள்ளே கட்டிலுக்கு மேல் ஒரு பல்பு எரியும். இவர் எத்தனையோ சாயங்காலம் அந்தச் சுவிட்சை அழுத்தியிருக்கிறார். இப்போது அழுத்தினார். அணைத்தார். அழுத்தினார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பல்பு மின்னி மின்னி அணைவது தெரிந்தது. கட்டிலில் இரண்டு பாதங்கள் அசையாமல் கிடந்தன.

"அண்ணே!" என்று கத்தினார், கேட்காது என்று தெரிந்தும். "அண்ணே! அண்ணே!"

அச்சாபீஸ்காரர்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். பூட்டில் போட்ட முதல் நெம்பலுக்குக் கடப்பாரைதான் வழுக்கியது. "அதுல போராடாதீங்க, கீல் பக்கம் பாருங்க" என்றார் ஒருவர். கீல் பக்கத்து மரம் பழையது. இரண்டு நெம்பலில் பெயர்ந்து வந்தது.

டாக்டரம்மா தரையில் மண்டியிட்டாள், அந்த முழங்காலோடு. பூட்டுக்காரரின் கழுத்தில் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு. ஆனா ரொம்ப மெதுவா. அந்தப் பையை எடுங்க."

அவள் ஊசியைப் போட்டு முடிப்பதற்குள் கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வெளிர் நீலச் சட்டைக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு மாடியேறி வந்தார்கள். பூட்டுக்காரரின் ரத்த விவரம் முழுவதும் அவர்கள் கையிலிருந்த கருவியில் ஏற்கனவே வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருக்கிறது என்றார்கள். பழைய நாளாக இருந்தால் ஒரு ஆட்டோவைப் பிடித்து, வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போய், வாசலில் வரிசையில் நின்றிருக்க வேண்டும். அவர் அதை நினைத்தார். நினைக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு காவலாளி இருந்தார். "குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் உள்ள" என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"நோயாளி பேரோட குடும்பத் தலைவர்னு ஒருத்தர் இருக்காரு. நீங்களா சார்?"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான்."

"என்ன உறவு?"

"அண்ணன்" என்றார். இத்தனை வருஷம் அப்படித்தான் கூப்பிட்டு வந்தார்.

உள்ளே போக விட்டார்கள். ஆனால் போக அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வெளியில் நடந்தார். கடைசி வரைக்கும் போவார், திரும்பி வருவார். டாக்டரம்மா உள்ளேயும் வெளியேயுமாக இருந்தாள். ஒரு தடவை அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். அவர் அந்த டீயைக் குடிக்காமலேயே நடந்துகொண்டிருந்தார். அது ஆறி ஆடை கட்டியது.

வெயில் தாழ்ந்தபோது அவள் வெளியே வந்தாள். "முழிச்சிட்டாரு. பொட்டாசியம் இறங்கிடுச்சு. உங்களைத்தான் கேக்குறாரு, போங்க."

பூட்டுக்காரர் நெஞ்செல்லாம் ஒயராகக் கிடந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த அமைதியான அறையில் அவர் குரல் இடி மாதிரி விழுந்தது.

"வாங்க! கதவை எப்படித் திறந்தீங்க?"

நர்ஸ்கள் திரும்பினார்கள். இவர் கீலைக் கையால் செய்து காட்டினார்.

"பூட்டு?"

அசையவில்லை என்று தலையை ஆட்டினார். பூட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அசையாது! நான் செஞ்சதுல்ல!" என்றவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இவர் கையைத் தடவியபடி சொன்னார்: "அன்னைக்கே முடிவு வந்துடும்னு அந்தச் சின்ன டாக்டர் சொல்லிட்டாங்க, நேத்து சாயங்காலம் முழுக்க உங்களைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். பெட்டியைக்கூடச் சாத்தாம உட்காந்திருந்தேன். நீங்க வரலை. வரலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே! அப்பாடான்னு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இவரைக் கொன்றது. எந்த வழக்கத்தை நினைத்து இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாரோ, அதை நம்பித்தான் அந்த மனுஷன் சாகக் கிடந்திருக்கிறார்.

"அண்ணே" என்றார், "என்னாலதான்."

"என்னது?"

"என்னாலதான் அண்ணே."

"கேக்கலை! சத்தமா சொல்லுங்க!"

மெதுவாகச் சொல்ல வழியில்லை. மன்னிப்பை யாரும் காதோடு காதாகத்தான் கேட்பார்கள். இந்த மனுஷனிடம் அது நடக்காது. அவர் குனிந்து, அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"தப்பு என்னோடது அண்ணே! அவங்க எனக்குப் போன் பண்ணாங்க! நான்தான் வீம்புக்கு பிளாக் பண்ணி வச்சிருந்தேன்!"

கதவருகில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"பண்ணி வச்சிருந்தீங்களா? அப்படின்னா?"

"பூட்டி வச்சிட்டேன் அண்ணே! போனைப் பூட்டி வச்சிட்டேன்!"

பூட்டுக்காரர் அவரையே பார்த்தார். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத பார்வை. தன் தொழிலைப் பற்றிய பேச்சு வந்ததும் வருகிற ஒரு கூர்மை மட்டும் அதில் இருந்தது.

"இப்பத் திறந்தாச்சா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைப் பையைத் தொட்டார். மத்தியானத்திலிருந்து இவ்வளவு அல்லோலகல்லோலத்திலும் அதைத் திறக்கத் தோன்றவேயில்லை.

"இல்லை."

"இல்லையா?" பூட்டுக்காரர் ஒயரெல்லாம் இழுபட எழுந்திருக்கப் பார்த்தார். "அப்ப இங்க நின்னு எங்கிட்ட என்ன அழுகை? எனக்குத்தான் ஆள் வந்தாச்சே! மத்தவங்க உட்காந்திருப்பாங்களே! போங்க!"

வெளியே வந்து சுவரோரம் நின்று போனைத் திறந்தார். கட்டைவிரல் ஒவ்வொரு நம்பராக விடுவித்தது. தனியே ஒதுங்கிக் கிடந்த செய்திகள் வரிசையாக மேலே ஏறின. தடுப்பூசி, வாழ்த்து, தள்ளுபடி, நடுநடுவே 'முடிவு தயார்', 'முடிவு தயார்', 'உடனே தொடர்பு கொள்ளவும்'. கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். எழுத்து அப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது. டாக்டரம்மா பக்கத்தில் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ஆளைச் சொல்லுங்க. எது அவசரம்னு நான் சொல்றேன்." விரலால் தள்ளினாள். "இது யாரு?"

"பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்."

"இவருக்குச் சர்க்கரைதான். நாளைக்குச் சொல்லலாம். இது?"

"இஸ்திரி அக்கா."

டாக்டரம்மா அதைத் திறந்து படித்தாள். மறுபடி படித்தாள். மேலே எதையும் தள்ளவில்லை.

"வீடு எங்க?"

"மேம்பாலம் தாண்டி, கடைசிச் சந்து. மருமக இருக்கும்போது வாசல்ல கூப்பிடக் கூடாது. பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட நின்னா அவங்களே பாத்துட்டு வருவாங்க."

"படி இருக்கா?"

"இருக்கு. உன் முட்டி..."

"வண்டியை எடுங்க" என்றாள் அவள்.